1851இன் உரிமதாரர் பெயர் பட்டியலில் ஏன் இல்லை?

லண்டன் சவுத்வார்க்கில் பழைய மதுக்கூடம் ஒன்றை நடத்தியவர் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'பீர் விற்பவர்' என்று பதிவாகியிருந்தும், நீதிபதிகளின் உரிமப் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தொழிற்பெயரிலேயே விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1830ஆம் ஆண்டின் பீர்க்கடைச் சட்டப்படி, உள்ளூர் வரி செலுத்தும் வீட்டுக்காரர் எவரும் ஆண்டுக்கு 2 கினி (பழைய ஆங்கிலேயப் பண அலகு) கட்டி, நீதிபதிகளை அணுகாமலே கலால் துறையிடம் உரிமம் பெற்று, தம் வீட்டிலேயே பீர் விற்க முடிந்தது. ஜின் போன்ற கடும் மதுவகைகளை விற்க மட்டும் அனுமதியில்லை. 1869இல்தான் இக்கடைகள் நீதிபதிகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

ஆகவே அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு, அஞ்சலக முகவரிக் கையேடுகளின் (ஊரிலுள்ள வணிகர்களின் பெயரையும் முகவரியையும் பட்டியலிட்ட நூல்கள்) தொழில்வாரிப் பகுதியில், மதுக்கூடத்தாரின் தலைப்பை விட்டுவிட்டு, பீர் சில்லறை வணிகர்களின் தலைப்பின்கீழ் தேடுங்கள். அங்கே கடையின் பெயர் பெரும்பாலும் இராது. தெருவும் எண்ணும் மட்டுமே இருக்கும். லண்டன் தெருக்கள் பலவற்றின் கதவு எண்கள் அந்நூற்றாண்டின் பிற்பாதியில் மாற்றப்பட்டதால், எண்ணை மட்டும் நம்பாமல், பக்கத்துக் கடைக்காரர்களின் பெயர்களையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். பெயர் திடீரென மறைந்தால் அவருடைய மனைவியின் பெயரையும் தேடுங்கள். கணவர் இறந்தபின் கைம்பெண் கடையைத் தொடர்ந்து நடத்துவது அக்காலத்தில் வழக்கமே.