பச்சை இலைப் படத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று அட்டையில் போட்டிருந்ததால், வழக்கமான சலவைத் தூளைவிட இரண்டு மடங்கு விலை கொடுத்து ஒரு சலவைத் திரவம் வாங்கினேன். எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர்தான். ஒரு மாதத்திலேயே வெள்ளைச் சட்டைகள் சாம்பல் பூத்துவிட்டன. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? - நங்கநல்லூர் வாசகி

பதில்: ஏமாந்தீர்களா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் தண்ணீரைப் பார்த்துவிடலாம். உங்கள் பகுதிப் போர் தண்ணீரில் பல இடங்களில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். இயற்கை என்று விற்கப்படும் திரவங்களில் பல, தேங்காய் எண்ணெயிலிருந்து செய்த சோப்புதான். சோப்பு இந்த உப்புகளோடு சேர்ந்தால் நுரைக்காமல், பிசுபிசுப்பான படிவாகத் திரிந்து நூலிழைகளுக்குள் உட்கார்ந்துவிடும். நீங்கள் பார்க்கும் சாம்பல் நிறம் பெரும்பாலும் அதுதான். வழக்கமான சலவைத் தூளில் உப்பைக் கட்டுப்படுத்தும் பொருள்களும் சேர்ந்திருக்கும். அதனால்தான் அதில் இந்தத் தொல்லை தெரிவதில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு பாட்டிலில் போர் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர். இரண்டிலும் அந்தத் திரவத்தைச் சில சொட்டு விட்டுக் குலுக்குங்கள். கேன் தண்ணீர் நன்றாக நுரைத்து, போர் தண்ணீர் பால்போலக் கலங்கி நின்றால், குற்றவாளி தண்ணீர். அப்படியானால் அரை வாளித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவை முதலில் கரைத்துவிட்டு, அதன் பிறகு திரவத்தைச் சேருங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே படிந்துவிட்ட படிவுக்கு, கடைசி அலசலில் அரைக் கோப்பை வெள்ளை வினிகர் போதும். சோடாவையும் வினிகரையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். பொங்கி நுரைப்பதைப் பார்த்து மகிழலாமே தவிர, ஒன்றின் வேலையை மற்றது அழித்துவிடும். பிளீச்சிங் பவுடர் இருக்கும் இடத்தில் வினிகரைத் திறக்கவே வேண்டாம். நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு கிளம்பும்.

இனி அட்டைக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பச்சை இலை ஒன்றை வரைந்து, 'பூமியின் நண்பன்' என்று எழுதிவிட்டால் விலையை ஏற்றலாம் என்ற நினைப்பு பரவியிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சுற்றுச்சூழலுக்கு உகந்தது, பசுமை, தூய்மை போன்ற பொதுவான சொற்களைப் போகிறபோக்கில் போட முடியாது. எந்த வகையில் உகந்தது, அதற்கு என்ன ஆதாரம் என்பதை நுகர்வோருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். உங்கள் பாட்டிலில் அந்த விளக்கமோ, அதைப் பார்க்கும் வழியோ இல்லை என்றால், நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில்லையும் அட்டையின் புகைப்படத்தையும் பத்திரப்படுத்துங்கள். 'துணி வெளுக்கவில்லை' என்று மட்டும் போனால், தண்ணீர்தான் காரணம் என்று அவர்கள் எளிதாகத் தப்பிவிடுவார்கள். 'அட்டையில் சொன்னதற்கு ஆதாரம் எங்கே' என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: அப்படியானால் பழைய முறைக்கே போய்விடலாமா? பூந்திக்கொட்டை எங்கே கிடைக்கும், எப்படிப் பயன்படுத்துவது? - திருவல்லிக்கேணி வாசகர்

பதில்: நாட்டு மருந்துக் கடை எதிலும் கிடைக்கும். மொத்தமாக வேண்டுமென்றால் பார்க் டவுன் ராசப்பச் செட்டித் தெருவுக்குப் போங்கள். பத்துக் கொட்டைகளை உடைத்து விதையை நீக்கி, தோலை மட்டும் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். அதிலுள்ள சபோனின் என்ற பொருள் அழுக்கைப் பிரிக்கிறது. உப்புத் தண்ணீரில் சோப்பைப்போலத் திரியாது. பட்டுப் புடவைக்கும் கைத்தறிக்கும் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. நம் ஊர் வெயிலுக்கு மூன்று நாளில் புளித்துவிடும் என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கண்ணில் பட்டால் நன்றாக எரியும்.

ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலியில் இது தோற்றுப்போகும். பல மாதம் முயன்றுவிட்டுத்தான் சொல்கிறேன். அதற்குச் சீயக்காய்த் தூளும் தேங்காய் நாரும். தூளை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவுங்கள். இல்லாவிட்டால் தொட்டிக் குழாய் அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இரண்டு முறை அடைத்தது. நுரை குறைவாக இருக்கிறதே என்று கவலைப்படவும் வேண்டாம். நுரை வேறு, சுத்தம் வேறு. 2019 மழைக்காலத்தில் பட்டினப்பாக்கம் கரையில் வெண்நுரை மலைபோலத் திரண்டு, குழந்தைகள் அதில் விளையாடினார்கள். கழிவுநீரோடு கடலில் கலந்த சலவைப் பொருள்களுக்கும் அதில் பங்கு இருந்தது. நாம் வாளியில் ஊற்றுவது அங்கேதான் போய்ச் சேருகிறது.

கேள்வி: 'மக்கும்' என்று அச்சிட்ட குப்பைப் பையை மாடித் தோட்டத் தொட்டியில் புதைத்தேன். ஆறு மாதமாகியும் அப்படியே இருக்கிறது. - பெரம்பூர் வாசகர்

பதில்: இருக்கத்தான் செய்யும். இத்தகைய பைகளில் பல, ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் சூட்டில் நடக்கும் பெரிய உரக் கூடங்களில் மக்குவதற்காகச் செய்யப்பட்டவை. மாடித் தொட்டி அந்தச் சூட்டை எட்டாது. வாங்கும்போது ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தர எண்ணும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். என்னைக் கேட்டால் பையே தேவையில்லை. ஈரக் குப்பைக் கூடையின் அடியில் செய்தித்தாளை விரித்து, தூய்மைப் பணியாளர் வரும்போது நேரடியாகக் கொட்டிவிட்டுக் கூடையைக் கழுவி வைத்தால் போதும்.

கேள்வி: மூங்கில் பல்துலக்கி வாங்கலாமா? - வேளச்சேரி வாசகி

பதில்: வாங்கலாம். தூரிகை மட்டும் பெரும்பாலும் நைலான்தான். எறியும்போது அதைப் பிடுங்கிவிடுங்கள். குளியலறை ஈரத்தில் படுக்க வைத்தால் அடியில் கறுத்துப் பூசணம் பிடிக்கும். நிறுத்தி உலர விடுங்கள்.

கேள்வி: துணிக்கடையில் தரும் துணிப் பைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இவை பிளாஸ்டிக் இல்லைதானே? - குரோம்பேட்டை வாசகி

பதில்: ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் பருத்தி. முத்துப்போல நின்றால், அது நெய்யாமல் அழுத்திச் செய்த பாலிப்ரொப்பிலீன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் இந்தப் பையும் ஒன்று. பலருக்கு இது இன்னும் தெரியாது. அதற்காக, சேர்த்து வைத்தவற்றைத் தூக்கி எறியாதீர்கள். கிழியும் வரை பயன்படுத்துங்கள், புதிதாக வாங்கிக்கொள்ளாதீர்கள். கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள். பழைய வேட்டி வீட்டில் இருந்தால் அந்தப் பத்து ரூபாயும் மிச்சம். தையல்காரரிடம் கொடுத்தால் ஒரு வேட்டியில் ஐந்தாறு பை தைத்துக் கொடுத்துவிடுவார்.