மலிவான காற்றுக் கைத்துப்பாக்கிக்கு முதற்செலவு எதில்? கேள்வி பதில்

சூரிச்சில் 19 ஆண்டுகள் ஒரு கழகத்தில் 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கி சுட்டும், புதியவர்களைப் பழக்கியும் வந்த நான் இப்போது கொக்குவிலில் வசிக்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஊருக்கு வந்திருந்தவர்களில் இவ்விளையாட்டைத் தொடங்கியுள்ள சிலர், குறைந்த விலைக்கு வாங்கிய கைத்துப்பாக்கியில் முதலில் எதை மாற்றுவது என்று வெவ்வேறு விதமாகக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னவற்றை இங்கே எழுதித் தருகிறேன்.

கேள்வி (ரொறொன்ரோ): ஐயா, பழைய இஷ் 46எம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். மேற்கொண்டு செலவிட 200 டொலர் வைத்திருக்கிறேன். விசையை மாற்றுவதா, குறிகளை மாற்றுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். அந்த ரஷ்யத் துப்பாக்கி மலிவானதே தவிர மட்டமானதல்ல. அதன் குழலும் விசையும் நீங்கள் இன்று சுடுவதைவிட நன்றாகச் சுடக்கூடியவை. உங்கள் காசு முதலில் பிடிக்குப் போகட்டும்.

அதற்கான காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். குழலின் நுனியில் நிற்கும் முன்குறிக்கும், கண்ணுக்குக் கிட்டவுள்ள, நடுவில் பிளவுள்ள பின்குறிக்கும் இடையில் 300 மில்லிமீற்றர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை முழுவதும் ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால் இலக்கிலும் ஒரு மில்லிமீற்றர்தான் விலகும். ஆனால் மணிக்கட்டு திரும்பி, முன்குறி பின்குறியின் பிளவுக்குள் ஒரு மில்லிமீற்றர் விலகி நின்றால், 10 மீற்றருக்கு அப்பால் அது 33 மில்லிமீற்றராகிவிடும். இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 8 மில்லிமீற்றர். ஆகவே அந்த ஒரு மில்லிமீற்றர் உங்களிடமிருந்து நான்கு வளையங்களைப் பறித்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் கை ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தோடு போய் அமர்ந்தால்தான் குறிகள் தாமாக ஒரே கோட்டில் வந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள். கண்ணைத் திறக்கும்போது முன்குறி எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால், தவறு பிடியில் இருக்கிறது.

புதுப் பிடி வாங்கவேண்டும் என்றும் இல்லை. எங்கே கை மரத்தைத் தொடாமல் இடைவெளி விடுகிறதோ அங்கே மரப்புட்டி பூசி, எங்கே அழுத்தி நோகிறதோ அங்கே அரத்தாளால் தேய்த்து, ஒவ்வொரு வாரமும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டு போங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பவர்கள்தாம் மரத்தை அளவுக்கு மீறித் தேய்த்துவிடுகிறார்கள். நான் ஒருமுறை துப்பாக்கியைக் கழகத்தின் பெட்டகத்திலேயே விட்டுவிட்டு, பிடியின் மரத்தை மட்டும் பயணப்பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்து, அயலில் உள்ள ஓடாவியார் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அது எதற்கு என்று கேட்கவேயில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்து, பெருவிரல் அடியில் சதை அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அரைமணி நேரத்தில் செதுக்கித் தந்தார். அதற்குப் பின் வாங்கிய எந்தப் பிடியும் அதற்கு ஈடாகவில்லை.

மீதிக் காசுக்குச் சன்னம் வாங்குங்கள்.

கேள்வி (அதே அன்பர்): சன்னத்தில் அப்படி என்ன வேறுபாடு?

பதில்: தட்டைமுனை ஈயச் சன்னம் எல்லாம் 4.5 மில்லிமீற்றர் என்றே விற்கப்பட்டாலும், தலைப்பகுதி 4.48 முதல் 4.51 வரை சிறு அளவு வேறுபாடுகளோடு வருகிறது. ஒவ்வொரு குழலும் இவற்றில் ஒன்றை விரும்பும். நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, துப்பாக்கியை அசையாமல் பொருத்தி ஐந்தைந்தாகச் சுட்டு, எதன் துளைகள் நெருங்கி விழுகின்றன என்று பாருங்கள். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர் மட்டுமே. விலை கூடியதுதான் வெல்லும் என்று எண்ணவேண்டாம். சன்னம் ஈயம் என்பதால், சுட்ட கையோடு வடையை எடுக்காமல் முதலில் கையைக் கழுவுங்கள்.

கேள்வி (சூரிச்): என் துப்பாக்கியின் விசை மிகவும் கடினம். கடைக்காரர் உட்பகுதியைத் தேய்த்து இலகுவாக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவேண்டாம். விசையின் கொளுவியை, அதாவது விசையை இழுக்கும்வரை துப்பாக்கியைத் தடுத்து வைத்திருக்கும் கொக்கியை, தேய்ப்பது என்பது, தேய்த்தபின் திரும்ப ஒட்டமுடியாத வேலை. கோணம் சற்றுத் தவறினாலும் துப்பாக்கி தட்டுப்பட்டாலே வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். பன்னாட்டு விதிப்படி காற்றுக் கைத்துப்பாக்கியின் விசைப்பாரம், அதாவது விசையை இழுக்கத் தேவையான பாரம், 500 கிராமுக்குக் குறையக்கூடாது; அதைவிட இலகுவாக்கினால் போட்டியின் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலில் துப்பாக்கியில் உள்ள திருகாணிகளைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலிவான துப்பாக்கிகளிலும் பாரத்தையோ முதல் நகர்வின் (சுடுமுன் விசை இலகுவாகப் பின்வாங்கும் தூரத்தின்) நீளத்தையோ மாற்ற ஒரு திருகாணியாவது பெரும்பாலும் இருக்கும்; வாங்கியவர்களில் பாதிப்பேர் அதைத் தொட்டதேயில்லை. பாரத்தை அளக்கக் கருவி தேவையில்லை. சன்னம் ஏற்றாத துப்பாக்கியின் விசையைத் தயார்நிலைக்குக் கொண்டுவந்து, குழல் வானத்தைப் பார்த்து நிற்கும்படி பிடித்து, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை ஒரு நூலால் விசையில் கொளுவி மெதுவாக உயர்த்துங்கள். தண்ணீர் மட்டுமே 500 கிராம். போத்தலின் எடையும் சேரும். விசை போத்தலைத் தாங்கிக்கொண்டால் சரி. முதல் நகர்வு எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெளிவாகத் தெரிவது, பாரம் குறைவதைவிட முக்கியம் என்பதே என் அனுபவம்.

கேள்வி (லண்டன்): உருக்குக் குண்டு சுடும், உண்மைத் துப்பாக்கி போலவே தோன்றும் வாயுத் துப்பாக்கி என்னிடம் உள்ளது. இதை மேம்படுத்திப் போட்டிக்குப் போகலாமா?

பதில்: முடியாது. அவ்வகைத் துப்பாக்கிகளின் குழலினுள் குண்டைச் சுழலச் செய்யும் சுருள்வரி இராது. குண்டு சுழலாமல் போகும். எதை மாற்றினாலும் பத்து வளையத்தில் தொடர்ந்து விழாது. உருக்குக் குண்டு கடினமான பரப்பில் பட்டுத் திரும்பியும் வரும். ஒரு சதம்கூடச் செலவழிக்காமல் அதை அப்படியே வைத்துவிட்டு, கழகத்தின் வாடகைத் துப்பாக்கியில் ஆறு மாதம் பழகுங்கள்.

கேள்வி (ஒஸ்லோ): எனக்கு வயது 54. முன்குறி புகைபோலத் தெரிகிறது. அகலமான முன்குறி வாங்கினால் சரியாகுமா?

பதில்: கெட்டுப்போனது முன்குறி அல்ல, கண்ணின் குவியம். தூரப்பார்வைக்கான உங்கள் கண்ணாடி அளவோடு 0.5 அல்லது 0.75 டயொப்ரர் கூட்டி ஒரு வில்லை செய்வித்தால் முன்குறி கூர்மையாகும். இலக்கின் கறுப்பு சற்று மங்கும், அது மங்கித்தான் இருக்கவேண்டும். கண் பரிசோதகரிடம் போகும்போது, நீட்டிய கையின் நுனியில் உள்ள பொருள் தெளிவாகத் தெரியவேண்டும் என்று சொல்லுங்கள். வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்; அது மிகக் கிட்டவே குவியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிக்கெச் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைக் காற்சட்டைப்பைக்குள் விட்டபடி நின்று கலப்பு அணியில் வெள்ளி வென்றதை எல்லோரும் பார்த்தோம்; அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உபகரணமே வேண்டாம் என்று முடிவுசெய்தவர்கள், அவர் கையிலிருந்தது போட்டித் தரத் துப்பாக்கி என்பதைக் கவனிக்கவில்லை.

கேள்வி (பேர்ண்): நான் இடதுகைக்காரன். வலதுகைப் பிடியுள்ள துப்பாக்கி மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: அந்தத் துப்பாக்கிக்கு இடதுகைப் பிடி கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், கிடைத்தால் அதன் விலையையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். வலதுகைப் பிடியோடு சமாளிக்கலாம் என்று மட்டும் எண்ணவேண்டாம். இடதுகையால் என்ன செய்யலாம் என்ற கவலை தேவையில்லை: ஹங்கேரியின் காரொலி தக்காச் 1938 இல் கைக்குண்டு வெடித்து வலதுகை சிதைந்தபின், இடதுகையால் சுடப் பழகி 1948 இலும் 1952 இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

கேள்வி (சூரிச்சிலிருந்து இன்னொருவர்): 25 மீற்றருக்குப் பழைய .22 கைத்துப்பாக்கி வைத்திருக்கிறேன். அடிக்கடி தோட்டா சிக்குகிறது. அதற்கும் பிடிதான் முதலா?

பதில்: இல்லை. சிக்கும் துப்பாக்கியில் வேறெந்தச் செலவும் வீண். முதலில் நன்றாகத் துப்புரவாக்குங்கள். பின் வேறு வகைத் தோட்டாவைச் சோதியுங்கள். அதன்பின் தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூட்டின் வாய்விளிம்பு வளைந்திருக்கிறதா, பின்னுதைப்புச் சுருள்வில் களைத்துவிட்டதா என்று கழகத்தின் துப்பாக்கித் திருத்துநரிடம் காட்டுங்கள். பிடி அதற்கு அடுத்தது. 25 மீற்றர்ப் போட்டியில் விசைப்பாரத்தின் கீழெல்லை 1000 கிராம் என்பதை மறவாதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம், பல்கலைக்கழக மாணவி): ஐயா, நான் கொழும்பில் சிலநாள் பழகியிருக்கிறேன். சொந்தத் துப்பாக்கி இல்லை. வீட்டிலிருந்தே எதைச் செய்யலாம்?

பதில்: மகள், இங்கே துப்பாக்கி என்ற சொல்லுக்கே எங்கள் வீடுகளில் ஒரு கனம் உண்டு, உங்கள் அம்மாவிடம் முதலில் பேசுங்கள். சட்டபூர்வ அனுமதியும் கழக உறுப்புரிமையும் இல்லாமல் எதையும் வாங்கவோ, வெளிநாட்டு உறவினரிடம் கொண்டுவரச் சொல்லவோ வேண்டாம். போட்டித் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்து, வெறும் சுவரைப் பார்த்துத் தோளுயரத்துக்கு உயர்த்தி, 10 விநாடி நிறுத்தி, இறக்கி, ஒரு நிமிடம் ஆறி, மீண்டும் உயர்த்துங்கள். முதல் வாரம் 15 முறை போதும். தகுதிச்சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 முறை சுடவேண்டும். அதற்குரிய தோளை இப்போதே கட்டத் தொடங்கலாம். தட்டையான அடியுள்ள சப்பாத்து ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், செருப்போடு நிற்கவேண்டாம்.