அபூர்வ சக்தி கொண்டவர்களின் குழுவைப் பற்றிய எக்ஸ்-மென் காமிக்ஸ் கதைகளில் வரும் மேக்னட்டோ வில்லனா, இல்லையா?

வில்லனாகத்தான் ஆரம்பித்தார். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963-இல் கொண்டுவந்த முதல் இதழிலேயே ராணுவத் தளம் ஒன்றைக் கைப்பற்றுகிறார். அப்போது அவருக்கு முன்கதையே கிடையாது, ஆளும் வெறி மட்டும்தான்.

அதை மாற்றியவர், பின்னாளில் எக்ஸ்-மென் கதைகளை எழுதிய கிறிஸ் கிளேர்மான்ட். 1981-இல் வந்த 150-ஆம் இதழைக் கட்டாயம் படியுங்கள். தன் கருவிகளைக் கெடுத்த எக்ஸ்-மென் குழுவின் கிட்டி பிரைடைக் கோபத்தில் தாக்கி வீழ்த்துகிறார் மேக்னட்டோ. கிட்டப் போய்ப் பார்த்தால், சின்னப் பெண்! செத்துவிட்டாள் என்றே நினைத்து, அவளைக் கையில் ஏந்தியபடி உடைந்துபோகிறார். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வளர்ந்தவர் அவர் என்பதும் இந்த இதழில்தான் தெரியவருகிறது. இதைப் படித்தபின் வெறும் வில்லன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1985-இல், 200-ஆம் இதழில், பரம எதிரியும் எக்ஸ்-மென் குழுவைத் தொடங்கியவருமான சேவியரே, அபூர்வ சக்தி கொண்ட இளைஞர்களுக்கான தன் பள்ளியை அவர் பொறுப்பில் விட்டுச் செல்கிறார்.