கார்க்கில் கப்பலேறியவர் கார்க் மாவட்டத்தவர்தானா?

கேள்வி: சிட்னியில் வசிக்கிறேன். என் கணவரின் தாய்வழிக் குடும்பத்தார் ஐரிஷ் வம்சாவளியினர். மாமியாரின் எள்ளுத்தாத்தா 1830-களில் அயர்லாந்தின் ‘கார்க்கிலிருந்து’ நாடுகடத்தப்பட்ட கைதியாக வந்தவர் என்றும், அவருடைய மனைவி 1849 வாக்கில் பதினேழு வயதுப் பெண்ணாகத் தனியே கப்பலேறி வந்தவர் என்றும் வீட்டில் சொல்கிறார்கள். கட்டண இணையதளம் ஒன்றில் தேடினால் அவர் பெயரில் ஐந்தாறு கைதிகள் வருகிறார்கள். அயர்லாந்துப் பதிவுகளிலோ அதே பெயரில் எண்ணற்ற ஞானஸ்நானங்கள். இவர்களில் எங்களவர் யார், எந்த ஊர்க்காரர் என்பதை எப்படி உறுதி செய்வது?

பதில்: அயர்லாந்துப் பதிவுகளைத் தற்போதைக்கு மூடி வைத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய ஐரிஷ் ஊரின் பெயர் கிடைப்பதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் டப்ளின் அல்ல, நீங்கள் வசிக்கும் நியூ சவுத் வேல்ஸ்தான். இதற்குக் காரணம் உண்டு. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் பெரும்பகுதியும், நீதிமன்றப் பதிவுகளும், 1836-க்கு முந்தைய நாடுகடத்தல் பதிவேடுகளும் அதில் அழிந்தன. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளின் படிவங்களை அரசே அழித்திருந்ததால், முழுமையாக எஞ்சியவற்றில் மிகப் பழையது 1901-ஆம் ஆண்டினுடையதுதான். கைதிகள் வந்திறங்கிய காலத்தில் ஆஸ்திரேலியக் குடியேற்றத்தின் எழுத்தர்களோ, தப்பி ஓடுபவரை அடையாளம் காண வேண்டும் என்பதற்காகவே, ஒவ்வொரு கைதியின் உயரத்தையும் கண் நிறத்தையும் பச்சை குத்திய இடத்தையும்கூட எழுதி வைத்தார்கள். அயர்லாந்திலேயே வாழ்ந்து மடிந்த ஓர் ஏழைக் கூலித் தொழிலாளியைப் பற்றி இன்று எதுவுமே தெரியாமல் போகலாம். ஆனால் கைதியாக அனுப்பப்பட்ட அவருடைய தம்பியின் முகத்தை நம்மால் ஏறக்குறைய வரைந்துவிட முடியும்.

ஆகவே, இறப்பிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். நியூ சவுத் வேல்ஸில் அரசுப் பதிவு 1856 மார்ச் 1 அன்று தொடங்கியது. அதற்குப் பின் அவர் இறந்திருந்தால், முதலில் வாங்க வேண்டியது அவருடைய இறப்புச் சான்றிதழ்தான். தந்தையின் பெயர், அவருடைய தொழில், தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், பிறந்த இடம், எந்த வயதில் யாரை எங்கே மணந்தார், பிள்ளைகள் யார் யார், ஆஸ்திரேலியாவில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் ஆகிய அனைத்துக்கும் அதில் இடம் உண்டு. கடைசி விவரம் விலைமதிப்பற்றது. 1871-இல் இறந்தவருக்கு ‘38 ஆண்டுகள்’ என்று எழுதப்பட்டிருந்தால், 1833-ஐ ஒட்டி வந்த கப்பல்களை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் இத்தகவல்களைச் சொன்னவர் இறந்தவர் அல்லர், அவருடைய மகனோ மருமகனோ அண்டை வீட்டாரோதான் என்பதை மறக்க வேண்டாம். கைதியாக வந்ததை மறைத்த குடும்பங்கள் ஏராளம். வருகை ஆண்டை மாற்றிச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆதலால் பிள்ளைகள் ஒருவர் விடாமல் அனைவருடைய பிறப்புச் சான்றிதழ்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவற்றில் பெற்றோரின் வயது, பிறந்த இடம், மணமுடித்த இடம், ஆண்டு ஆகியவற்றை அந்தத் தம்பதியரே சொல்லியிருக்கக்கூடும். முழுச் சான்றிதழுக்குப் பதிலாக, அங்கீகரிக்கப்பட்ட படியெடுப்பாளர்களிடம் எழுத்துப் படி வாங்கினால் செலவு குறையும்.

அடுத்தது கப்பல். கைதிகளைப் பொறுத்தவரை பெயர் மட்டும் அடையாளம் ஆகாது. பெயர், கப்பல், வந்த ஆண்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு மனிதர். அக்கால அலுவலகங்களும் அப்படித்தான் கைதிகளைப் பிரித்தறிந்தன. பேட்ரிக் ரையன் என்றால் பலர் இருப்பார்கள், இன்ன ஆண்டு இன்ன கப்பலில் வந்த பேட்ரிக் ரையன் என்றால் ஒருவரோ இருவரோதான். இந்தக் கப்பல் பெயர் அவரைத் தொடர்ந்து எல்லாத் தாள்களிலும் வரும்: ஒரு வட்டாரத்துக்குள் தமக்காக உழைத்துப் பிழைக்க அனுமதி தந்த ‘டிக்கெட் ஆஃப் லீவ்’, தண்டனைக் காலம் முடிந்ததும் தரப்பட்ட விடுதலைச் சான்றிதழ், ஆயுள் தண்டனை என்றால் மன்னிப்புப் பத்திரம், தண்டனைக் காலத்திலேயே மணமுடிக்க விரும்பியவர்கள் கேட்ட திருமண அனுமதி. இவற்றின் பெயரடைவுகளை மாநில ஆவணக் காப்பகத்தின் தளத்தில் கட்டணமின்றித் தேடலாம். உங்கள் பட்டியலில் உள்ள ஐந்தாறு பேரையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரும் எந்த வட்டாரத்துக்கு அனுப்பப்பட்டார், எப்போது விடுதலையானார், எப்போது இறந்தார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். தவறானவர்களை ஒவ்வொருவராக விலக்குவதுதான் சரியானவரை நிறுவும் வழி. பிறர் இணையத்தில் ஏற்றியுள்ள குடும்ப மரத்தில் உங்களவர் பெயரைக் கண்டதும் ஏற்றுக்கொண்டுவிடாதீர்கள். ஒரே பெயருள்ள இருவரின் வாழ்க்கை ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதை அங்கே அடிக்கடி காணலாம்.

கப்பல் உறுதியானதும் நேராக ‘இண்டென்ட்’ எனப்படும் கைதிப் பட்டியலுக்குச் செல்லுங்கள். முற்கால ஐரிஷ் கப்பல்களின் பட்டியல்கள் ஏமாற்றமளிக்கும், சிலவற்றில் குற்றம் என்னவென்றே இராது. ஆனால் 1820-களின் பிற்பகுதி முதல் அவை விரிவடைந்தன. உங்களவர் 1830-களில் வந்தவர் என்பது உங்கள் நல்வாய்ப்பு. வயது, எழுதப் படிக்கத் தெரியுமா, சமயம், மணமானவரா, எத்தனை பிள்ளைகள், சொந்த இடம், தொழில், குற்றம், விசாரணை நடந்த இடமும் நாளும், தண்டனைக் காலம், உடல் அடையாளங்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஓரத்தில் உள்ள குறிப்பை மட்டும் தவறவிடாதீர்கள். ‘அண்ணன் மூன்றாண்டுகளுக்கு முன் வந்துள்ளார்’ என்பது போன்ற ஒரு வரி அங்கே இருக்கலாம். அந்த அண்ணனின் பட்டியலையும் எடுத்தால் சொந்த ஊர் இருமுறை உறுதியாகும்.

உங்கள் வீட்டில் சொல்லப்படும் ‘கார்க்கிலிருந்து’ என்ற சொல்லை இங்குதான் சோதிக்க வேண்டும். சொந்த இடம், விசாரணை நடந்த இடம், கப்பலேறிய இடம் ஆகிய மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். கைதிக் கப்பல்கள் பெரும்பாலும் கார்க் துறையிலிருந்தோ டப்ளின் பகுதித் துறைகளிலிருந்தோ புறப்பட்டன. கெர்ரி, கிளேர், திப்பரேரி மாவட்டங்களில் தண்டிக்கப்பட்டவர்கள் கார்க்குக்குக் கொண்டுவரப்பட்டுக் கப்பலேறினார்கள். அவர்கள் கடைசியாகக் கண்ட ஐரிஷ் மண் அதுதான் என்பதால், குடும்ப நினைவில் அதுவே ‘ஊர்’ ஆகிவிடுவதுண்டு. அறுவடைக் கூலிக்காக இங்கிலாந்து சென்ற இடத்தில் தண்டிக்கப்பட்ட ஐரிஷ்காரர்களும் நிறையப் பேர். அவர்கள் வந்தது இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட கப்பலில், அவர்களுடைய வழக்கு இருப்பதும் ஆங்கிலேயப் பதிவுகளில்.

விசாரணை அயர்லாந்தில் நடந்தது என்று தெரிந்தால், அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் நாடுகடத்தல் தரவுத்தளத்தைத் தேடுங்கள். ஆஸ்திரேலியக் குடியேற்றத்தின் இருநூறாவது ஆண்டான 1988-ஐ முன்னிட்டு அயர்லாந்து தந்த பரிசு அது. 1836 முதலான பதிவேடுகளோடு, 1791 முதலான கைதிகளின் மனுக்களும் அதில் இடம்பெறுகின்றன. பெயர் அதில் இல்லையென்றால் அவர் அனுப்பப்படவில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது, ஏனெனில் 1836-க்கு முன்னர் மனுவோ வேறு கடிதமோ எஞ்சியவர்கள் மட்டுமே அதில் கிடைப்பார்கள். ஆனால் ஒரு மனு கிடைத்துவிட்டாலோ, அதற்கு ஈடான ஆவணம் வேறில்லை என்பேன். தண்டிக்கப்பட்டவரின் மனைவியோ வயதான தாயோ, எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு, ராஜப்பிரதிநிதிக்கு எழுதிய கருணை வேண்டுகோள் அது. எத்தனை குழந்தைகள், எந்த நிலக்கிழாரின் நிலத்தில் குடியிருப்பு, எந்தப் பாதிரியார் நற்சான்று தருகிறார் என்று அதில் இருக்கலாம், சில மனுக்களின் அடியில் ஊரார் பலரின் கையொப்பமும் இருக்கும். மேலும், குறைந்தது நான்காண்டு தண்டனையைக் கழித்த ஆண் கைதிகள், மனைவி மக்களை அரசுச் செலவில் வரவழைக்க விண்ணப்பிக்கலாம். அவ்விண்ணப்பங்கள் தொடர்பான 1828 முதல் 1852 வரையிலான தாள்களும் அங்கே உள்ளன. உங்களவருக்கு அயர்லாந்தில் முன்னரே ஒரு குடும்பம் இருந்ததா என்பதும் இதனால் தெரியவரலாம். அது தெரியவந்தால், தயவுசெய்து கனிவோடு ஏற்றுக்கொள்ளுங்கள். இனி ஒருபோதும் சந்திக்க இயலாத தொலைவில் பிரிக்கப்பட்டவர்கள் அவர்கள்.

மனைவியின் தடம் இதைவிட எளிதாகவே கிடைக்கக்கூடும். 1849, பதினேழு வயது, தனியே என்ற மூன்றையும் ஒருங்கே பார்க்கும்போது, காலனித்துறை அமைச்சர் ஏர்ல் கிரே பெயரால் அறியப்படும் அனாதைப் பெண்கள் திட்டம்தான் உடனே நினைவுக்கு வருகிறது. உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது, ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழையர் விடுதிகளில் இருந்த 4,000-க்கும் மேற்பட்ட இளம்பெண்கள், 1848 முதல் 1850 வரை சிட்னி, மெல்பர்ன், அடிலெய்டு ஆகிய இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். முதல் கப்பல் 1848 அக்டோபரில் சிட்னியை அடைந்தது. சிட்னி ஹைட் பார்க் பாரக்ஸில் பஞ்ச நினைவுச் சின்னமும், அப்பெண்களின் பெயர்களைத் தேடத்தக்க இணையத் தரவுத்தளமும் உள்ளன. அவர் அப்படி வராமல் சாதாரண அரசு உதவிப் பயணியாக வந்திருந்தாலும், குடியேற்ற வாரியத்தின் பட்டியலைப் பாருங்கள். ஒரே கப்பலுக்கு முகவர் பட்டியல், வாரியப் பட்டியல் என இரண்டு இருப்பதுண்டு, பெற்றோரின் பெயரும் சொந்த இடமும் காலனியில் உள்ள உறவினரும் குறிக்கப்பட்டிருப்பது இரண்டாவதில்தான். பின்னாளில் அவர் தங்கை தம்பியரை வரவழைத்திருந்தால், 1853 முதலான குடியேற்ற வைப்புத்தொகைக் குறிப்பேடுகளில், பணம் கட்டியவர் பெயரும் வர வேண்டியவரின் ஐரிஷ் முகவரியும் கிடைக்கும்.

இத்தனைக்கும் பிறகே அயர்லாந்து. மாவட்டம் மட்டும் தெரிந்தால் போதாது, கத்தோலிக்கப் பங்கு, அதாவது எந்தத் தேவாலயத்தின் ஆளுகைக்குட்பட்ட பகுதி என்பது, தெரிய வேண்டும், முடிந்தால் ‘டவுன்லேண்ட்’ எனப்படும் மிகச் சிறிய நிலப்பிரிவும். எழுத்தர் காதால் கேட்டு எழுதிய ஊர்ப்பெயர் பொருந்தவில்லையென்றால், உரக்கப் படித்துப் பார்த்து, அரசின் ஊர்ப்பெயர்த் தரவுத்தளத்தில் ஒலி ஒத்தவற்றைத் தேடுங்கள். பங்குப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாக இணையத்தில் வைத்துள்ளது. அவற்றில் ‘ஓ’ என்ற முன்னொட்டு இருந்தும் இல்லாமலும் வரும், ரைலி, ஓ’ரைலி இரண்டையும் பாருங்கள். ஹனோரா என்பவரே நோராவாகவும் ஹன்னாவாகவும் வருவார். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டியார் பெயர் என்ற வழக்கம் ஐரிஷ் குடும்பங்களிலும் பரவலாக இருந்தது. ஆகவே சிட்னியில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை வைத்துக்கொண்டு, அதே பெயருள்ள பெற்றோருக்குப் பிறந்தவரைத் தேடினால் வட்டம் குறுகும்.

ஒரு தடை வரலாம். மேற்கு மாவட்டங்களில் பல பங்குகளின் பதிவேடுகள் 1820-களுக்குப் பிறகே தொடங்குகின்றன, 1810 வாக்கில் பிறந்தவருக்கு ஞானஸ்நானப் பதிவே இல்லாமல் போகலாம். அப்போது அவருடைய இளைய உடன்பிறப்புகளின் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் தேடுங்கள். 1823 முதல் 1837 வரையிலான தசமபாகக் (திருச்சபை வரி) கணக்கிலும், 1847-க்கும் 1864-க்கும் இடையே அச்சான கிரிஃபித் நில மதிப்பீட்டிலும் அதே டவுன்லேண்டில் அந்தக் குடும்பப் பெயர் தொடர்கிறதா என்று பாருங்கள். கைதிப் பட்டியல் சொல்லும் சொந்த இடம், இறப்புச் சான்றிதழ் சொல்லும் பெற்றோர் பெயர்கள், அந்த ஊரின் நிலக் கணக்கில் அதே தந்தையின் பெயர் ஆகிய மூன்றும் பொருந்தினால், ஞானஸ்நானப் பதிவு இல்லாமலேயே அவரை உங்கள் குடும்பத்தவராக எழுதிக்கொள்ளலாம்.