மோட்டார் என்ற சொல்லின் பொருள் என்ன? எஞ்சினும் மோட்டாரும் ஒன்றா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படியென்றால் கரண்டில் சுற்றுவது மோட்டார், பெட்ரோல், டீசலில் ஓடுவது எஞ்சின் என்று எழுதுங்கள், மார்க் கிடைக்கும். ஊருக்குள் அது செல்லாது. நான் பட்டவன்.

கோத்தகிரியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் ஒரு கேரட் தோட்டக்காரர் போன் செய்தார். “அண்ணா, மோட்டார் நின்னுபோச்சுங்க, பயிர் வாடுது.” காப்பர் கம்பி, கெப்பாசிட்டர், பேரிங் எல்லாம் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைச் சரிவில் வழுக்கி வழுக்கி ஓடை வரை இறங்கினேன். அங்கே உட்கார்ந்திருந்தது கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பெட்ரோல் எஞ்சின். பிளக் கழற்ற ஸ்பேனர்கூட என்னிடம் இல்லை. “இது எஞ்சின்ங்க” என்றேன். “தண்ணி இழுக்குறது மோட்டார்தானுங்களே” என்றார். போன கூலியும் வரவில்லை.

அந்தக் கடுப்பில் சொல்லின் பூர்வீகத்தைத் தேடினேன். லத்தீனில் மோட்டார் என்றால் அசைப்பவர், நகர்த்துபவர். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் உலகை இயக்கும் கடவுளையே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். இயந்திரத்துக்கு அந்தப் பெயர் வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். அப்போதும் கரண்டா எண்ணெயா என்று பிரிக்கவில்லை, அதனால்தான் பெட்ரோல் காரும் மோட்டார் கார். 1988 மோட்டார் வாகனச் சட்டமும் இயந்திர விசையில் ரோட்டில் ஓடுவதற்கென்று அமைந்ததைத்தான் பார்க்கிறது, விசை வண்டிக்கு உள்ளிருந்து வந்தாலும் வெளியிலிருந்து வந்தாலும் சரி என்கிறது. என் பாட்டி “மேட்டுப்பாளையத்துல மோட்டார் ஏறுனேன்” என்றால் அது பஸ். ஆக, தோட்டக்காரர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கூலி தராததில் இல்லை.

“மின்னோடி என்று எழுதக்கூடாதா?” என்று கமெண்டில் யாராவது வருவார்கள். தாராளமாக எழுதுங்கள், நானும் தமிழ்ப்பற்று உள்ளவன்தான். சங்கப் பாட்டிலேயே கரும்பு பிழியும் பொறிக்கு எந்திரம் என்றுதான் பெயர். ஆனால் என் போர்டில் மின்னோடி என்று எழுதினால் கடைக்கு யார் வருவார்?

மோட்டார் என்றதும் இன்னொன்று. மே மாதம் சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டியை எல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுகிறார்கள். ஐந்து எச்.பி. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போக அரைமணி நேரம் நிற்கிறேன். ஹார்ன் வேறு. இதை எந்தத் தளத்தில் கேட்பது?

சரி, கேள்விக்கு வருகிறேன். போன வாரம் ஒரு தம்பி பேட்டரி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான். “அண்ணா, மோட்டார் போச்சு.” பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். காந்தம், காப்பர் சுற்று, அசல் மோட்டார். அத்தனை வருஷத்தில் வண்டியோடு வந்தவர்களில் சரியான கடைக்கு வந்தவன் அவன் ஒருவன்தான். அதற்குப் பொருந்துகிற கம்பி என்னிடம் இல்லை, கோயம்புத்தூருக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன்.