விளையாட்டு வர்ணனையாளர்களை இணைய விமர்சனம் உண்மையிலேயே பாதிக்குமா?

கேள்விக்குக் கீழே "கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்களுக்கு நாலு கமெண்ட் வந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?" என்று ஒரு வரியும் போட்டிருக்கிறீர்கள். நான் கோடி வாங்குகிறவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இருட்டும் வரை கத்தினால் 1,500 ரூபாய், மதியம் ஒரு பிரியாணிப் பொட்டலம். மற்ற நாட்களில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவிநாசி, பெருந்துறை, கோபி, சத்தி என்று டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடக்கிற பக்கமெல்லாம் மைக் பிடிக்கிறேன். 6 வருஷமாக அதெல்லாம் யூடியூப் நேரலையிலும் போகிறது. அந்த அனுபவத்தில்தான் இந்தப் பதில்.

பாதிக்கும். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்க பக்கம் ஆளைத் திட்டினாலும் 'ங்' போட்டுத்தான் திட்டுவார்கள். "ஏனுங்க தம்பி, அந்தப் பையன் பேரு கார்த்தி இல்லீங்க, கவினுங்க. மூணு ஓவரா மாத்தியே சொல்லிப்போட்டீங்களே" என்று டீக்கடையில் ஒருத்தர் சொன்னால், தப்பும் புரியும், டீயும் அவரே வாங்கிக் கொடுத்துவிடுவார். அதே தப்பு லைவ் சாட்டில் வந்தால், "பேரே தெரியாம எதுக்குடா வாயத் தொறக்கற". இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள்தான். சில சமயம் ஒரே ஆள்தான். அந்த 'ங்' எங்கே விழுந்து போகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. போன் கீபோர்டில் இருக்கத்தான் செய்கிறது, நான் பார்த்துவிட்டேன்.

திட்டு எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் எங்கள் கேமராப் படம் ஒயர்லெஸ்ஸில் சுற்றிக்கொண்டு வரும், என் குரல் மட்டும் நேராக மிக்சருக்குப் போய்விடும். அதனால் பார்க்கிறவர்களுக்குப் பவுலர் ஓடி வரும்போதே நான் "போல்டு!" என்று கத்திக்கொண்டிருப்பேன். "பந்து போடறதுக்கு முன்னாடியே அவுட்டுங்கறான், மேட்ச் ஃபிக்ஸிங் டோய்" என்று ஒருத்தன் எழுதினான். கோயமுத்தூர்க் குசும்பு. சிரித்துவிட்டு, நேரலைக்கு வைத்திருக்கிற ஓபிஎஸ் என்ற சாஃப்ட்வேரில் ஆடியோவை ஒன்றரை நொடி தள்ளி வைத்தோம், சரியாகிவிட்டது. அதே மாதிரி இடதுகை வேகப்பந்து யார் போட்டாலும் "அடுத்த நடராஜன்" என்று சொல்கிற வியாதி எனக்கு இருந்தது. சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பாலில் தொடங்கி, 2020-21 ஆஸ்திரேலியா சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமான மனுஷன், நம்ம மாவட்டத்துக்குப் பக்கம் வேறு, வாயில் வரத்தான் செய்யும். "போன வாரம் ஒரு நடராஜன், இந்த வாரம் ரெண்டு. சேலத்துல ஒருத்தர்தாங்க இருக்காரு" என்று ஒரு கமெண்ட். அன்றோடு விட்டேன். இந்த மாதிரி விமர்சனம் வந்தால் காசு கொடுத்துக்கூட வாங்கலாம்.

என்னைப் பிடித்த சம்பவம் வேறு.

போன வருஷம் காங்கேயம் பக்கம் ஒரு டோர்னமெண்ட். முதல் பரிசு 30,000 ரூபாய், கூடவே ஆளுயரக் கப்பு. பைனலில் கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும். இரண்டாவது பந்தைத் தூக்கி அடித்தார்கள், லாங் ஆனில் நின்ற உள்ளூர்ப் பையன் கைக்குள்ளேயே வந்து விழுந்தது. விட்டுவிட்டான். பந்து உருண்டு கோட்டைத் தாண்டியது. நான் மைக்கில், "பந்தை இல்லீங்க, கப்பையே கீழ போட்டுட்டாருங்க!" என்றேன். கிரவுண்டே சிரித்தது. எனக்கே பெருமையாக இருந்தது. உள்ளூர் அணி தோற்றது.

ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால், காசு வாங்கிட்டுப் பேசறான், எதிர் டீம்காரனுக்கு மச்சானாம், மைக்கைப் புடுங்குங்க. எந்த ஊரு என்று கேட்டவன், அப்புறம் என்ன ஆளுக என்று கேட்டான். அதற்குக் கீழே நாலு பேர் ஆராய்ச்சி. மொத்தம் 200 கமெண்டுக்கு மேல், என்னைத் திட்டியது 17. எண்ணினேன். பாராட்டி எழுதினவர்களில் ஒரு வரிகூட இன்று ஞாபகத்தில் இல்லை, அந்த 17-ஐ மட்டும் வரிசையாக ஒப்பிப்பேன். "வெசனப்பட்டு என்ன ஆகப் போவுது, போனை வெச்சுப்போட்டுப் படுங்க" என்று வீட்டில் இரண்டு தடவை சொன்னாள். மணி இரண்டாகிவிட்டது.

அந்த வெசனம் இரண்டு நாளில் போய்விட்டது. போகாதது அடுத்த ஞாயிறு தெரிந்தது. புளியம்பட்டியில் மேட்ச். ஒரு கண் பிட்ச்சில், ஒரு கண் சாட்டில். தெளிவான ரன் அவுட், ஒரு முழம் தள்ளி நிற்கிறான், நான் "அம்பயர் என்ன சொல்றாரோ பார்ப்போம்" என்கிறேன். மோசமான ஷாட்டுக்கு "நல்ல முயற்சி". ஆடின 22 பேரும் "அருமையான வீரர்". சாயங்காலம் அமைப்பாளர் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏனுங்க, இன்னிக்கு கல்யாண வீட்ல வாங்க வாங்கன்னு கூப்பிடற மாதிரியே இருந்துச்சுங்களே" என்றார். உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த ஒரு வாக்கியம்தான். திட்டு ஆளை ஒடிப்பதில்லை, நாக்கை மழுங்கடிக்கிறது.

பெரிய இடத்திலும் இதுவேதான் என்று நினைக்கிறேன். 2016 மார்ச்சில் பெங்களூரில் வங்கதேசத்தை இந்தியா 1 ரன்னில் ஜெயித்த டி20 உலகக் கோப்பை மேட்ச் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு அமிதாப் பச்சன், இந்திய வர்ணனையாளர் எப்போதும் மற்றவர்களைப் பற்றியே பேசாமல் நம் ஆட்டக்காரர்களைப் பற்றி அதிகம் பேசினால் நன்றாக இருக்குமே என்று ட்விட்டரில் எழுதினார். தோனி அதை எடுத்துப் போட்டு, சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை என்றார். யார் பெயரையும் அவர்கள் சொல்லவில்லை. அடுத்த மாசம் ஐபிஎல் தொடங்கும்போது, பிரபல இந்திய வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே வர்ணனைக் குழுவில் இல்லை. காரணத்தைத் தனக்கு யாரும் சொல்லவில்லை என்று அவரே எழுதினார். பின்னாளில் திரும்பி வந்தார் என்பது வேறு. ஆனால் அதைப் பார்த்த மற்ற வர்ணனையாளர்கள் அடுத்த மேட்ச்சில் எதிரணி ஆளைப் புகழும்போது ஒரு நொடி யோசித்திருக்க மாட்டார்களா? நான் 1,500 ரூபாய்க்கே யோசித்தேன்.

பொம்பளைப் பிள்ளைகளுக்கு வருவது இந்தக் கணக்கிலேயே சேராது. 2016 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் நடந்த டி20-யில் ஸ்டூவர்ட் பின்னியின் ஒரே ஓவரில் 32 ரன் போனது. அதற்குத் திட்டு வாங்கியது அவர் மனைவி, தொகுப்பாளர் மயந்தி லாங்கர். ஓவர் போட்டது அவரா? எங்கள் குழுவிலும் ஈரோட்டிலிருந்து ஒரு தங்கச்சி இரண்டு மேட்ச் பேசினாள், என்னைவிட நன்றாகவே பேசினாள். மூன்றாவதுக்கு வரவில்லை. அவளுக்கு வந்த கமெண்டில் கிரிக்கெட் என்ற வார்த்தையே கிடையாது.

தமிழ் வர்ணனைக்கு என்று தனியாக ஒரு பஞ்சாயத்தும் உண்டு. ஐபிஎல்லுக்கு டிவியில் தமிழில் பேச ஆரம்பித்த பிறகு, கோவை எஃப்எம்மில் பேசித் தொடங்கிய ஆர்.ஜே. பாலாஜி மாதிரி ஆட்கள் சினிமா, சாப்பாடு, கிண்டல் எல்லாம் கலந்து பேசினார்கள். பாதிப் பேர் "மொக்கை போடாம மேட்ச்சை சொல்லு" என்பார்கள், மீதிப் பேர் அந்த மொக்கைக்காகவே அந்தச் சேனலை வைப்பார்கள். இரண்டு கட்சியும் ஒரே கமெண்ட் பெட்டியில். எங்கப்பா சென்னிமலையில் தறியில் உட்கார்ந்து, டிரான்சிஸ்டரில் அப்துல் ஜப்பார் தமிழில் சொல்வதைக் கேட்டே டெஸ்ட் மேட்ச் பார்த்தவர். ஆமாம், பார்த்தவர் என்றுதான் சொல்வார். ஜப்பார் தப்பே விட்டிருந்தாலும் அது காற்றோடு போயிருக்கும், பிடிக்காதவர் வானொலிக்குக் கார்டுதான் போடவேண்டும். என் தப்பு பத்து நொடி வீடியோவாக வாட்ஸாப்பில் சுற்றும்.

அப்படிச் சுற்றியது என் தப்பு மட்டும் இல்லை என்பது ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. காங்கேயம் கடைவீதியில் ஒருத்தர் வந்து, "நீங்கதானுங்க அந்த மைக்ல பேசற தம்பி?" என்றார். கேட்ச் விட்ட பையனின் அப்பா. நான் சொன்ன அந்த வரியை வெட்டி, பாட்டுப் போட்டு, ஊரே ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறது. "பையன் ரெண்டு நாள் சோறு திங்கலீங்க. நீங்க வேணும்னு சொல்லலைங்க, தெரியுதுங்க. இருந்தாலும் சொல்லலாம்னு தோணுச்சுங்க." கடைசி வரைக்கும் ஒரு 'ங்' கூட விடவில்லை. 17 கமெண்டும் சேர்ந்து பண்ணாததை அது பண்ணியது.

வர்ணனையாளர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் கதை அப்போதுதான் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. 2019 உலகக் கோப்பையில் ஜடேஜாவை அரைகுறை ஆல்ரவுண்டர் என்கிற தொனியில் பேசினார். உங்களைவிட இரண்டு மடங்கு மேட்ச் ஆடியிருக்கிறேன் என்று ஜடேஜா ட்விட்டரிலேயே திருப்பிக் கொடுத்தார். மான்செஸ்டர் அரையிறுதியில் 92 ரன்னுக்கு 6 விக்கெட் போன பிறகு வந்து, 59 பந்தில் 77 அடித்தார். இந்தியா 18 ரன்னில் தோற்றாலும் அன்று மஞ்ச்ரேக்கரே வாயாரப் புகழ்ந்தார். 2020 மார்ச்சில் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் வர்ணனைக் குழுவிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். இத்தனை நாள் நான் மஞ்ச்ரேக்கர் பக்கம்தான் நின்றேன், நானும் மைக் பிடிக்கிறவன் அல்லவா. ஆனால் ஜடேஜாவுக்கு ட்விட்டர் இருந்தது, மட்டை இருந்தது. காங்கேயத்துப் பையனுக்கு என்ன இருக்கிறது?

2024 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்ட்டில் வர்ணனையாளர் இசா குஹா, பும்ராவைப் பாராட்டப் போய்க் குரங்கினத்தைக் குறிக்கும் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, மறுநாள் ஒளிபரப்பு தொடங்கியதுமே மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் இருந்த ரவி சாஸ்திரி, துணிச்சலான பெண் என்றார். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. மைக்கில் மன்னிப்புக் கேட்டால் பழைய கிளிப்பைத் தோண்டி எடுப்பார்கள் என்று பயம். அந்தப் பையனிடம் நேரில் போய்த்தான் கேட்டேன். "பரவால்லீங்ணா" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

இப்போது "விட்டுட்டாருங்க" என்பதற்குப் பதில் "நழுவிருச்சுங்க" என்கிறேன். இது அந்த அப்பாவுக்காகவா, அந்த 17 பேருக்காகவா என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சாட் ஓடுகிற லேப்டாப்பை ஸ்கோரர் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன், அவன்தான் பார்ப்பான், பேர் திருத்தம் இருந்தால் மட்டும் சீட்டில் எழுதித் தருவான்.

போன மாசம் ஊத்துக்குளிப் பக்கம் ஒரு மேட்ச்சில் அதே பையன் ஆடினான். அதே லாங் ஆன். பந்து மேலே போனது, கீழே வந்தான், கையில் பட்டு எகிறியது, மறுபடியும் விட்டான். எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. மூன்று நாலு நொடி வெறும் காற்றுச் சத்தம். ஸ்கோரர் சிரித்துக்கொண்டே லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். ஒருத்தர் எழுதியிருந்தார்: "ஏனுங்க, மைக் போச்சுங்களா?"