அயர்லாந்தில் கைவினைப் பொருள் வாங்குவோர் கேட்ட கேள்விகள்

கேள்வி: டப்ளின் கடையொன்றில் ஒரே மாதிரித் தோன்றிய இரண்டு ஆரன் தீவுப் பாணிக் கம்பளி ஸ்வெட்டர்களின் விலையில் மூன்று மடங்கு வேறுபாடு இருந்தது. ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் தனித்தனிப் பின்னல் உண்டு என்றும் சொன்னார்கள். உண்மையா?

விலை வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம், பின்னியது கையா இயந்திரமா என்பதே. ஒரு பெரிய ஸ்வெட்டரைக் கையால் பின்னி முடிக்கப் பல வாரங்கள் ஆகும். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. 'ஹேண்ட் லூம்டு' என்ற சீட்டைக் கண்டதும் நம்மவர்கள் கைத்தறி என்று எண்ணி மகிழ்ந்துவிடுகிறார்கள், ஆனால் கையால் இயக்கும் பின்னல் இயந்திரத்தில் செய்தது என்பதே அதன் பொருள். 'ஹேண்ட் நிட்டட்' என்று எழுதியிருந்தால்தான் அது ஊசி பிடித்துப் பின்னியது. தொட்டவுடன் மென்மையாக இருப்பது பெரும்பாலும் மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி. அந்தக் கம்பளி அயர்லாந்து ஆடுகளுடையது அன்று, இறக்குமதியானது. உள்ளூர் ஆட்டுக் கம்பளி முரடானது, கழுத்தில் உறுத்தும். அதற்காக மெரினோவை ஒதுக்க வேண்டியதில்லை. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் துணியின் இழை விவரத்தைச் சீட்டில் எழுதுவது கட்டாயம், தயாரான நாட்டை எழுதுவது கட்டாயமில்லை. ஆகையால் 'அயர்லாந்தில் வடிவமைத்தது' என்ற வரியைப் படித்தால், செய்தது எங்கே என்று வாய்விட்டே கேளுங்கள்.

குடும்பப் பின்னல் என்பது வியாபாரக் கதை. கால்வே விரிகுடாவின் வாயிலில் உள்ள மூன்று ஆரன் தீவுகளில் இந்தப் பின்னல் பாணி உருவானதே ஏறத்தாழ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஜே. எம். சிங் எழுதி 1904-இல் மேடையேறிய ஒரு நாடகத்தில், கடலில் மாண்ட சகோதரனை அவனுடைய காலுறையில் தான் தவறவிட்ட நான்கு கண்ணிகளைக் கொண்டு சகோதரி அடையாளம் காண்கிறாள். மூழ்கிய மீனவரின் குடும்பத்தை ஸ்வெட்டர் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கைக்கு அந்தக் காட்சியும் ஒரு வித்து. நாடகத்தில் இருப்பது காலுறை, அதிலும் குலச் சின்னம் எதுவும் இல்லை.

கேள்வி: மகளுக்குக் கிளாடா மோதிரம் வாங்க விரும்புகிறேன். அசல் என்று எப்படி அறிவது?

இரு கைகள் ஏந்திய இதயமும் அதன்மேல் ஒரு கிரீடமும் கொண்ட இந்த மோதிரம், கால்வே நகரை ஒட்டியிருந்த கிளாடா என்ற மீனவர் குடியிருப்பின் பெயரைத் தாங்கியது. கைகள் நட்பையும், இதயம் அன்பையும், கிரீடம் விசுவாசத்தையும் குறிக்கும். வாங்கும்போது உட்புறத்தில் உள்ள முத்திரைகளைப் பாருங்கள். 375, 585, 750 என்ற எண்கள் முறையே 9, 14, 18 காரட்டைக் குறிக்கும். 22 காரட்டுக்குப் பழகிய நம் கண்ணுக்கு 9 காரட்டின் நிறம் சற்று வெளிறித் தோன்றும். அமர்ந்திருக்கும் பெண்ணுருவான ஹைபர்னியா, டப்ளின் தர ஆய்வகத்தின் முத்திரை. நங்கூரம் இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் சோதிக்கப்பட்டது. இவை உலோகத்தின் தூய்மைக்குச் சான்றே தவிர, மோதிரம் செய்த ஊருக்குச் சான்று அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: வாட்டர்ஃபோர்டு கண்ணாடிப் பாத்திரங்கள் இன்னும் வாட்டர்ஃபோர்டில்தான் தயாராகின்றனவா?

ஒரு பகுதி மட்டும். 1783-இல் தொடங்கி 1851-இல் மூடப்பட்டு, 1947-இல் மீண்டும் உயிர்பெற்ற அந்தத் தொழிலில், பெரிய ஆலை 2009-இல் நின்றுபோனது. மறு ஆண்டே நகரின் நடுவில் சிறிய பட்டறை ஒன்று திறக்கப்பட்டது. ஊதுவதையும் வெட்டுவதையும் அங்கே நேரில் பார்க்கலாம். ஆனால் அந்தப் பெயரில் விற்பவற்றுள் பெரும்பகுதி ஐரோப்பாவின் பிற நாடுகளில் தயாராகிறது. அங்கேயே செய்தது வேண்டுமென்றால், அப்படிக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வாங்கிய பொருள்களுக்குச் செலுத்திய வரியைத் திரும்பப் பெறுவது எப்படி? வட அயர்லாந்தில் வாங்கிய பெல்லீக் பீங்கானும் அதில் அடங்குமா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள், 75 யூரோவுக்கு மேல் வாங்கினால், வரியைத் திருப்பித்தரும் திட்டத்தில் சேர்ந்துள்ள கடைகளில் உரிய படிவம் பெறலாம். விலையில் 23 விழுக்காடு வரி அடங்கியிருந்தால், செலுத்திய தொகையில் அது ஏறத்தாழ 18.7 விழுக்காடு, முகவர் கட்டணம் போக மீதியே கைக்கு வரும். வாங்கிய மாதத்தை அடுத்த மூன்றாம் மாத இறுதிக்குள் பொருள் ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும். துபாய் அல்லது லண்டன் வழியாகத் திரும்பினால் டப்ளினிலேயே வேலை முடியும்; ஃபிராங்க்ஃபர்ட் வழியாக என்றால் கடைசி ஒன்றிய நிலையமான அங்கேதான் சுங்கச் சான்று பெற வேண்டும், எனவே பொருளைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

பெல்லீக் பீங்கான் செய்யும் ஊர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஃபெர்மானா மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே நாணயம் பவுண்டு, வரியும் ஐக்கிய இராச்சியத்துடையது. அயர்லாந்துக் குடியரசில் வாங்கிய ரசீதோடு அதைச் சேர்க்க முடியாது.

கேள்வி: கருமுள் மரக் கைத்தடியை விமானத்தில் கொண்டுவரலாமா?

குண்டாந்தடி வடிவில் உள்ளதைக் கைப்பையோடு கொண்டுபோக முயல வேண்டாம். பெட்டியில் அடங்கும் நீளத்தில் வாங்கிச் சரக்கோடு அனுப்புங்கள்.

கேள்வி: கஞ்சிரா வாசிக்கும் தம்பிக்குப் பௌரான் வாங்கித் தரலாமா?

தாராளமாக. அதுவும் வட்டச் சட்டத்தின் ஒரு புறம் மட்டும் தோல் கட்டிய பறைதான். ஆட்டுத்தோல், சிறு குச்சியால் தட்டுவார்கள். நினைவுப் பொருள் கடைகளில் வண்ணச் சித்திரம் தீட்டித் தொங்கவிட்டிருப்பவை பெரும்பாலும் சுவருக்கே ஏற்றவை. வாசிக்கும் பௌரானுக்கு விளிம்பின் உட்புறம் திருகாணிகள் இருக்கும். அவற்றைத் திருப்பித் தோலை இறுக்கவோ தளர்த்தவோ முடியும். சென்னையின் ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும் என்பதால், திருகாணி இல்லாததை வாங்காதீர்கள். கடையில் உட்புறம் கை வைத்து அழுத்தித் தட்டிப் பாருங்கள். கை நகர நகர ஒலியின் உயரம் தெளிவாக மாற வேண்டும். வறண்ட நாளில் தோல் விறைத்துக்கொண்டால் அந்நாட்டு வாசிப்பாளர்களும் சிறிது நீர் தடவித்தான் சுருதியை இறக்குகிறார்கள். உங்கள் தம்பிக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது.